பதிவிறக்கப் பொத்தான் இல்லாத வீடியோக்களைச் சேமிக்கப் போய் நான் பட்ட பாடு

பணம் கட்டிச் சேர்ந்து படித்த இணையவழிப் பயிற்சி ஒன்றின் நடத்துநர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மாத இறுதியோடு தளத்தை மூடுகிறோம், பதிவான வகுப்புகளைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்காக மாணவர்கள் சேமித்துக்கொள்ளலாம் என்று இரண்டே வரிகள். எப்படிச் சேமிப்பது என்பதைப் பற்றி மூச்சே இல்லை. எந்த வகுப்பின் கீழும் பதிவிறக்கப் பொத்தான் கிடையாது. உலாவியில் ஓடுகிற வீடியோ என் கணினிக்குள் வந்துதானே ஓடுகிறது, அதைக் கோப்பாக்குவதில் என்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். அதன்பின் வந்த மாலை நேரங்களெல்லாம் அதிலேயே கரைந்தன. ஒரு மென்பொருளின் ஓராண்டுச் சந்தாவும் தண்டமாகப் போனது. இந்தக் காரியத்தில் இறங்குகிறவர்களுக்கு யாராவது முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டியவற்றை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் அடி விழுந்தது தேடுபொறியில். வீடியோவைக் கணினியில் சேமிக்க இலவச மென்பொருள் என்று தேடினால் மேலே வரிசைகட்டி நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். நான் திறந்த பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிய பெரிய பதிவிறக்கப் பொத்தான்கள் பல இருந்தன. உண்மையான இணைப்பு அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் ஒளிந்திருந்தது. எதை அழுத்தினாலும் ஏதோ ஒன்று இறங்கியது. நிறுவும்போது 'பரிந்துரைக்கப்படும் முறை' என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே டிக் இடப்பட்ட கட்டங்களோடு வேறு சில நிரல்களும் சேர்ந்தே உள்ளே வந்துவிடுகின்றன. அன்றிரவே உலாவியின் முகப்புப் பக்கம் மாறிப்போயிருந்தது. நான் தேடுவதெல்லாம் முன்பின் தெரியாத ஒரு தேடுபொறிக்குப் போனது. திரையின் வலது கீழ் மூலையில் உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று நிமிடத்துக்கொரு முறை எச்சரிக்கை எட்டிப்பார்த்தது. வயிற்றைக் கலக்கியது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே உலாவியில்தான்.

அந்த எச்சரிக்கைகள் வைரஸின் வேலை அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. ஏதோ ஒரு தளம் அறிவிப்புகள் அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறது, வீடியோ வரும் என்ற அவசரத்தில் அனுமதி கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். உலாவியின் அமைப்புகளில் தளங்களுக்கான அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய், அறிவிப்புகள் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்கியதும் அவை நின்றன. உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) பட்டியலையும் பார்க்க வேண்டும். எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கிற நீட்சி, பெயருக்கேற்றபடி எல்லாவற்றையும் படிக்கும். வங்கிப் பக்கம் உட்பட. சேர்த்த நினைவில்லாத நீட்சியைக் கண்டால் நீக்குங்கள். வைரஸ் சோதனையை முழுதாக ஓட்டுங்கள். பிறகு மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிவிட்டு, திரும்ப உள்ளே போங்கள். கடவுச்சொல்லை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுவது மேல். மனம் சமாதானமாக எனக்கு அத்தனையும் தேவைப்பட்டன.

முகவரியை ஒட்டினால் வீடியோவைத் தருகிறோம் என்கிற இணையப் பக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றின் அடிப்படைச் சிக்கல் எளிமையானது. முகவரியைத் திறந்து வீடியோவை எடுப்பது அந்தத் தளத்தின் சர்வர், நம் கணினி அல்ல. உள்நுழைந்தால் மட்டுமே தெரிகிற வகுப்பை அந்த சர்வர் எப்படிப் பார்க்கும்? பார்க்க வேண்டுமென்றால் நம் கணக்கின் சாவியைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் தளத்திலிருந்து அந்த நிமிடமே வெளியேறிவிடுவது உத்தமம்.

அதன்பிறகுதான் காசு கொடுத்து ஒரு மென்பொருளை வாங்கினேன். இலவசமாக முயன்று பார்க்கலாம் என்று ஒவ்வொரு வீடியோவிலும் முதல் சில நிமிடங்களை மட்டும் சேமித்துக் காட்டியது. முன்பகுதி வந்தால் முழுதும் வரும் என்று நம்பி ஓராண்டுச் சந்தா கட்டினேன். பொதுவெளியில் இருக்கிற வீடியோக்களை அழகாகவே சேமித்தது. எனக்கு வேண்டிய வகுப்புகளில் பாதிக்கும் மேல் 'ஆதரிக்கப்படாத இணைப்பு' என்று ஒதுங்கிக்கொண்டது. அது நிறுவப்பட்டிருந்த கோப்புறையை எரிச்சலோடு திறந்து பார்த்தேன். உள்ளே எஃப்எஃப்எம்பெக் (FFmpeg), ஒய்டி-டிஎல்பி (yt-dlp) என்று இரண்டு நிரல்கள் தனியாக உட்கார்ந்திருந்தன. வேலையை எல்லாம் செய்தவை அவைதாம். நான் பணம் கொடுத்தது அவற்றின் மேல் ஒட்டியிருந்த பொத்தான்களுக்கு. இது திருட்டு என்று சொல்ல முடியாது. ஒய்டி-டிஎல்பி யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிடப்படுவது. எஃப்எஃப்எம்பெக்கின் உரிமமும் தன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். சந்தாவில் ஒரு கண்ணி வேறு இருந்தது. கணினியிலிருந்து மென்பொருளை நீக்கினாலும் தானியங்கிப் புதுப்பிப்பு நிற்காது. பணம் வசூலித்த தளத்தில் நம் கணக்குப் பக்கத்துக்குப் போய் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். இந்த வகை மென்பொருளை வாங்கத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன், உங்களுக்கு வேண்டிய அதே வீடியோவில் சோதித்துப் பாருங்கள். விளம்பரத்தில் காட்டுகிற வீடியோ எப்போதும் இறங்கும்.

அந்த இரண்டு பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் வழி பிறந்தது. எஃப்எஃப்எம்பெக் 2000ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம். ஒலியையும் படத்தையும் பிரிக்கவும் சேர்க்கவும் வடிவம் மாற்றவும் உலகம் முழுக்கப் பயன்படுவது. ஒய்டி-டிஎல்பியின் முன்னோடி யூடியூப்-டிஎல் 2006இல் தொடங்கியது. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவுத் துறையின் சங்கம் கொடுத்த புகாரால், நிரல்களின் மூலத்தைப் பகிரும் கிட்ஹப் தளம் அதை நீக்கியது. நவம்பரில் திரும்ப வைத்தது. 2021இல் அதிலிருந்து கிளைத்து, இன்று முந்தையதைவிடச் சுறுசுறுப்பாகப் பராமரிக்கப்படுவது ஒய்டி-டிஎல்பி. இரண்டின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தப் பெயர்களைத் தேடினாலும் அதே விளம்பரப் பக்கங்கள் வேறு வேடத்தில் வந்து நிற்கும். ஒய்டி-டிஎல்பியை அதன் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். கோப்போடு சேர்த்து, அது மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்களையும் அங்கேயே வெளியிடுகிறார்கள். இறக்கிய கோப்பின் எண்ணை விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லிலேயே கணக்கிட்டு ஒப்பிடலாம். நிரல்களை நிறுவித் தரும் கருவிகளான விண்டோஸின் விங்கெட், மேக்கின் ஹோம்புரூ வழியாக நிறுவினால் இந்தத் தலைவலி இன்னும் குறைவு. லினக்ஸ் களஞ்சியங்களில் கிடைக்கும் பதிப்பு பல நேரங்களில் பழையதாக இருக்கும். தளங்கள் அடிக்கடி மாறுவதால் பழைய பதிப்பு திடீரென்று வேலை செய்யாமல் போகும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது புதுப்பிப்பதுதான்.

கறுப்புக் கட்டளைத் திரையைப் பார்த்தாலே எனக்கு அலர்ஜி. ஆனால் இந்த வேலைக்குத் தேவைப்படும் கட்டளைகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். நிரலின் பெயர், ஓர் இடைவெளி, வீடியோவின் முகவரி, அவ்வளவே. அதற்கு முன் வடிவங்களைப் பட்டியலிடச் சொல்லும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே வீடியோ எத்தனை அளவுகளில் இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை மெகாபைட், எது படம் மட்டும், எது ஒலி மட்டும் என்று அட்டவணையாக வரும். அந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான் முன்பு இறக்கிய சில கோப்புகள் ஊமைப் படமாக வந்ததன் காரணம் புரிந்தது. இன்றைய தளங்கள் பலவும் படத்தையும் ஒலியையும் தனித்தனி ஓடைகளாக வைத்திருக்கின்றன. ஓடும்போது உலாவி இரண்டையும் இணைக்கிறது. சேமிக்கும்போது இணைக்கும் வேலையை எஃப்எஃப்எம்பெக் செய்ய வேண்டும். அது கணினியில் இல்லையென்றால் ஒலி ஒரு கோப்பாகவும் படம் ஒரு கோப்பாகவும் கிடக்கும். ஒய்டி-டிஎல்பியை மட்டும் நிறுவிவிட்டு ஒலி வரவில்லை என்று திட்டாதீர்கள்.

இனிதான் மையமான விஷயம். எந்த மென்பொருள் நல்லது என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என் வீடியோ எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். வகுப்புகள் மூன்று விதமாக இருந்தன. சில, யூடியூபில் பட்டியலிடப்படாத, அதாவது முகவரி தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய வீடியோக்கள். பெரும்பகுதி, பயிற்சித் தளத்தின் சொந்த வீடியோ இயக்கியில் (பிளேயர்) ஓடுபவை. மிச்சம் கொஞ்சம், நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்ற பூட்டு போட்டவை. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

யூடியூப் வகுப்புகளுக்கு மென்பொருளே வேண்டியிருக்கவில்லை. யூடியூபின் விதிமுறைகள், அது தானே வசதி தராத இடத்தில் பதிவிறக்குவதை அனுமதிப்பதில்லை. சந்தாதாரர்களுக்குத் தரப்படும் பதிவிறக்கமும் செயலிக்குள்ளேயே இருக்கும், தனிக் கோப்பாகக் கைக்கு வராது. ஆனால் வீடியோவை ஏற்றியவர் யூடியூப் ஸ்டூடியோவில் தன் வீடியோவைத் தானே எம்பி4 கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மொத்தமாக வேண்டுமென்றால் கூகுள் டேக்அவுட் இருக்கிறது. இதை எழுதி நடத்துநர்களிடம் கேட்டேன். அவர்களுக்கே அப்படி ஒரு வசதி இருப்பது தெரியவில்லை. ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் எடுத்துப் பகிர்ந்துவிட்டார்கள். உரிமையாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அவரிடம் ஒரு வரி எழுதிக் கேட்பதைவிடச் சுருக்கமான வழி எதுவும் இல்லை.

தளத்தின் சொந்த இயக்கியில் ஓடியவைதான் என்னை அதிகம் படுத்தின. வீடியோவின் மீது சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி முகவரியை நகலெடுத்தால் 'பிளாப்' என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்று வரும். அதை எந்த மென்பொருளில் ஒட்டினாலும் எதுவும் நடக்காது. ஏனென்றால் அந்த முகவரி அந்த உலாவித் தாவலுக்குள் மட்டும் உயிரோடு இருப்பது; வெளியே எடுத்தால் அதற்குப் பொருளே இல்லை. இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் அதை வைத்துக்கொண்டு மல்லாடினேன். உண்மையான முகவரி வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். வரும் பலகையில் 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, வடிகட்டும் பெட்டியில் எம்3யு8 (m3u8) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்து வீடியோவை ஓட விடுங்கள். ஒன்றோ சிலவோ வரிகள் தோன்றும். பெரும்பாலும் முதலில் வருவதுதான் தலைமைப் பட்டியல்.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தது இந்தத் தலைவலிக்கு நடுவே எனக்குக் கிடைத்த ஒரே இன்பம். அதற்குள் வீடியோ இல்லை, வெறும் எழுத்து. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இது. ஒரு வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, துண்டுகளின் முகவரிகளை வரிசையாக ஒரு பட்டியலில் எழுதிவைக்கிறார்கள். ஆப்பிளின் பரிந்துரை துண்டுக்கு 6 விநாடி. அந்தக் கணக்கில் ஒரு மணி நேர வகுப்பு 600 துண்டுகள். தலைமைப் பட்டியலில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு வரி: அகல உயரம் எவ்வளவு, விநாடிக்கு எத்தனை பிட். அந்தப் பிட் எண்ணை 8ஆல் வகுத்து, வகுப்பின் விநாடிகளால் பெருக்கினால் கோப்பின் அளவு தெரிந்துவிடும். விநாடிக்கு 50 லட்சம் பிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. அதில் பாதி வேகமுள்ள 720 வரித் தரம் 1.1 ஜிபிக்குச் சற்றே அதிகம். பேசும் முகமும் படச்சட்டங்களும் மட்டுமே உள்ள வகுப்புக்கு 720 தாராளம். எழுத்துகள் சிறியதாக இருக்கும் வகுப்புகளை மட்டும் 1080இல் எடுத்தேன்.

பட்டியலின் முகவரியை ஒய்டி-டிஎல்பியிடமோ நேராக எஃப்எஃப்எம்பெக்கிடமோ கொடுத்தால் துண்டுகளை வரிசையாக எடுத்து ஒட்டித் தந்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கில் மறு குறியாக்கம் இல்லாமல் அப்படியே நகலெடுக்கும்படி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) மறுபடி சுருக்க ஆரம்பித்து, விசிறி அலற, மணிக்கணக்கில் ஓடும், தரமும் குறையும். நகலெடுத்தால் இணைய வேகம்தான் எல்லை. கட்டளைத் திரை வேண்டவே வேண்டாம் என்பவர்கள் விஎல்சி என்ற வீடியோ இயக்கியில் நெட்வொர்க் ஓடையைத் திறக்கும் இடத்தில் அந்த முகவரியை ஒட்டி, ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். அதில் சேமிக்கும் வசதியும் உண்டு, ஆனால் நீண்ட வகுப்புகளுக்கு நான் அதை நம்பவில்லை.

அடுத்த இடி 403. மாலையில் எடுத்துவைத்த முகவரிகளை மறுநாள் காலை வரிசையாகக் கொடுத்தால் அத்தனையும் 'அனுமதி இல்லை' என்று திரும்பி வந்தன. முகவரியின் வாலில் இருந்த நீண்ட எழுத்துக்கோவை, காலக்கெடு போட்ட ஒரு நுழைவுச் சீட்டு. நேரம் கடந்தால் செல்லாது. எல்லா முகவரிகளையும் சேகரித்து வைத்துக்கொண்டு பிறகு பொறுமையாக இறக்கலாம் என்ற திட்டம் இங்கே பலிக்காது. ஒன்றை எடுத்ததும் அதை இறக்கத் தொடங்கிவிட வேண்டும். உள்நுழைந்தால்தான் வரும் பக்கங்களுக்கு ஒய்டி-டிஎல்பி உலாவியிலிருந்தே குக்கிகளை, அதாவது நாம் உள்நுழைந்திருக்கிறோம் என்று தளம் உலாவியில் போட்டுவைக்கும் சிறு குறிப்புகளை, படித்துக்கொள்ளும். 2024இல் குரோம் தன் குக்கிகளுக்கான பாதுகாப்பைக் கடுமையாக்கிய பிறகு விண்டோஸில் அதிலிருந்து படிக்க வருவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் உள்நுழைந்துவிட்டுக் கொடுத்தால் சிக்கல் இல்லை. குக்கிகளைக் கோப்பாக எடுத்துத் தரும் நீட்சிகளை நாடாதீர்கள். அந்தக் கோப்பு கையில் இருக்கிறவர் உங்கள் கடவுச்சொல் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நடமாடலாம். பிழைச் செய்தியைக் காட்டி உதவி கேட்கும்போதும் குக்கிக் கோப்பையோ முழு முகவரியையோ யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வேகமாக முடிக்கலாம் என்று பலவற்றை ஒரே நேரத்தில் ஓட விட்டேன். சிறிது நேரத்தில் 429, அதாவது அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்ற மறுப்பு. ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் நடுவே சில விநாடி பொறுக்கச் சொல்லும் அமைப்பு ஒய்டி-டிஎல்பியில் இருக்கிறது. இறக்கி முடித்தவற்றின் அடையாளக் குறிகளைக் குறித்துவைத்து மறுமுறை தவிர்க்கும் அமைப்பும் இருக்கிறது. இரண்டையும் போட்டு இரவில் ஓட விட்டதும் வேலை சீராக நடந்தது. கணினி தூக்க நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஆர்எம் பூட்டு போட்ட வகுப்புகளைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். வைட்வைன், பிளேரெடி, ஃபேர்பிளே என்ற பெயர்களில் இந்தப் பூட்டுகள் இருக்கின்றன. துண்டுகளை இறக்க முடியும். ஆனால் அவை மறைகுறியாக்கப்பட்டவை, திறக்காது. திரைப் பதிவு செய்தால் பெரும்பாலும் படம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாகவும் ஒலி மட்டும் தனியாகவும் வரும். ஒய்டி-டிஎல்பி இத்தகைய வீடியோக்களை வெளிப்படையாகவே மறுத்துவிடுகிறது. 1996ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கைக்குப் பிறகு, இத்தகைய பூட்டை உடைப்பதையே பல நாடுகள் சட்டவிரோதமாக்கியிருக்கின்றன. எந்தப் பூட்டையும் திறப்போம் என்று பணம் கேட்கும் மென்பொருள்கள் ஏராளம். ஒருமுறை சூடுபட்டிருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. நடத்துநர்களுக்கே மறுபடியும் எழுதினேன். பூட்டு அவர்கள் விரும்பிப் போட்டதுகூட அல்ல. வீடியோக்களை ஏற்றியிருந்த சேவையின் இயல்பமைப்பில் அது இருந்திருக்கிறது. மூலக் கோப்புகளையே ஒரு பகிர்வுக் கோப்புறையில் போட்டுத் தந்தார்கள். அவை நான் கஷ்டப்பட்டு இறக்கியவற்றைவிடத் தெளிவாக இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் கோபம் வருகிறது.

கடைசி வகுப்பு நேரடிக் கேள்வி பதில். அது தளத்தில் சேமிக்கப்படாது என்று அறிவித்தார்கள். பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு, ஓபிஎஸ் ஸ்டூடியோவில் திரைப் பதிவு செய்தேன். இதுவும் கட்டற்ற மென்பொருள்தான். பதிவு வடிவம் எம்பி4 என்றில்லாமல் எம்கேவி என்று இருக்கட்டும். சாதாரண எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனாலோ கணினி உறைந்தாலோ அதுவரை பதிவானது மொத்தமும் திறக்காத கோப்பாகிவிடும். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸிலேயே சில நொடிகளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள். என் பதிவில் ஆசிரியர் மிக முக்கியமான ஒரு விளக்கம் சொல்லும் இடத்தில் யாரோ அனுப்பிய செய்தியின் 'டிங்' தெளிவாகக் கேட்கிறது. தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து ஒலி வருகிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்வதும் நல்லது. கணினியின் ஒலிக்குப் பதில் மைக்கின் ஒலி மட்டும் பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு.

எல்லாம் இறங்கிவிட்டது என்று நிமிர்ந்தபோது இன்னொரு குண்டு. ஒரு வகுப்பைத் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து வேறொரு வாக்கியத்தில் தொடங்குகிறது. ஒய்டி-டிஎல்பி ஏதாவது ஒரு துண்டு பலமுறை கேட்டும் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு மேலே போய்விடும், இயல்பமைப்பு அப்படி. திரையில் எச்சரிக்கை ஒரு வரி ஓடியிருக்கும். இரவில் நான் தூங்கிக்கொண்டிருந்தால் அதை யார் பார்ப்பது? துண்டு கிடைக்காவிட்டால் நிறுத்திவிடு என்று சொல்லும் அமைப்பு தனியாக இருக்கிறது. இந்த வேலைக்கு அதைப் போட்டுக்கொள்வதுதான் சரி. பிறகு ஒவ்வொரு கோப்பின் நீளத்தையும் தளத்தில் காட்டும் நீளத்தோடு ஒப்பிட்டேன். சில விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், அரை நிமிடம் என்றால் மறுபடி இறக்க வேண்டும். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் ஓட விட்டு உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்றும் பார்த்தேன். தளம் மூடுவதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். கடைசி நாளில் இறக்கி அடுத்த வாரம் திறந்து பார்க்கிறவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது.

சப்டைட்டில் தனிக் கோப்பாக வரும், கேட்டால்தான் வரும். வீடியோ கோப்புக்கும் அதற்கும் ஒரே பெயர் இருந்தால் விஎல்சி தானே எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்துப் பாருங்கள்.

கோப்புகளை வெளி வட்டுக்கு மாற்றும்போது இரண்டு தடைகள். பழைய பென் டிரைவ் ஒன்று ஃபேட்32 வடிவில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. வட்டில் இடம் காலியாக இருந்தும் இடமில்லை என்பது போலப் பிழை காட்டியது. எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றியதும் சரியானது. மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடை நம் மொழிக்காரர்களுக்கே உரியது. லினக்ஸ் கணினி ஒன்றில் நகலெடுக்கும்போது 'கோப்பின் பெயர் மிக நீளம்' என்று நின்றுவிட்டது. பெயரை எண்ணிப் பார்த்தால் அப்படியொன்றும் நீளமில்லை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட்தான் இடம். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். உயிர்மெய்யில் மெய்யின் குறி வேறு, கால், கொம்பு, புள்ளி வேறு. ஆக 85 குறிகளுக்குள் பெயர் முடிந்தாக வேண்டும். வகுப்பின் முழுத் தலைப்பைக் கோப்பின் பெயராக வைத்தால் எளிதில் மீறிவிடும். பெயரை இத்தனை எழுத்தோடு வெட்டிக்கொள் என்று ஒய்டி-டிஎல்பியிடமே சொல்லிவைக்கலாம். நான் முன்னால் இரண்டு இலக்க வரிசை எண்ணும் பின்னால் இரண்டு மூன்று சொற்களுமாகப் பெயரைச் சுருக்கிவிட்டேன். முழுத் தலைப்புகளை எண் வாரியாக ஒரு உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போட்டு, மொத்தத்தையும் இரண்டு வட்டுகளில் வைத்திருக்கிறேன்.